பியூக் நல்லா இருக்காரா?

1933 நவம்பர் 2, வியாழன். மதுரை

முதலாளி திரவியம் இன்று என்னைக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் பேசினார். ஏப்ரலிலிருந்து ஷோரூமில் நிற்கிற பியூக் இந்த ஐப்பசிக்குள் போயாக வேண்டும். கார்த்திகை முதல் தேதி பம்பாயிலிருந்து கம்பெனி ஆள் வருகிறான். வண்டி இங்கேயே நின்றால் ஏஜென்சியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான்.

“ஏஜென்சி போச்சுன்னா எனக்கு சேல்ஸ்மேன் எதுக்கு ஓய்? ஸ்பேர் கவுண்டர்தான் எதுக்கு? நீரும் உம்ம மாமனாரும் ஒண்ணா நடையைக் கட்டலாம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மாமனார் பேர் ஆவுடையப்பன். வாசலில் ஆளுயர எழுத்தில் ‘ஆவுடையப்பன் மோட்டார் கம்பெனி’ என்று இருக்கிறதே, அந்த ஆவுடையப்பன்தான். திருநெல்வேலியிலிருந்து வந்து சைக்கிள் பஞ்சர் ஒட்ட ஆரம்பித்து, ராமநாதபுரம் ஜில்லா முழுக்கக் கார் விற்றவர். திரவியம் முதல் போட வந்த கூட்டாளி. வியாபாரம் படுத்த வருஷத்தில் கடை கூட்டாளி கைக்குப் போயிற்று. பேரை மட்டும் மாற்றவில்லை. அந்தப் பேருக்குத்தானே ஆட்கள் வருகிறார்கள். மாமனாருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. அதே வாரம் எனக்கு ஷோரூமில் நாற்காலி கிடைத்தது. குடும்பத்தில் யாராவது ஒருவர் ஒழுங்காகச் சம்பாதிக்க வேண்டாமா? அவ்வளவுதான்.

என் மனைவி பிரமுவுக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்குப் போக வேண்டியவள். அப்பாவுக்கு வீடு என்று இருப்பது ஒரு வாடகை அறை. அதனால் இங்கேயே என்று யாரும் பேசாமலே முடிவாகிவிட்டது. வேலை போனால் என்ன ஆகும் என்று யோசிக்கக் கூடாது.

நவம்பர் 3, வெள்ளி

ஓயாத மழை. அடுப்படியில் ஓடு ஒழுகி விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிப் பிரமுவுக்குக் கண் சிவந்துவிட்டது. பியூக்கை நானே துடைத்தேன். ஷோரூமில் ஈ, காக்கை இல்லை.

நவம்பர் 4, சனி

நல்ல நாள். இல்லை, பாதி நல்ல நாள்.

பள்ளத்தூர் உமையாள் ஆச்சி வந்தார்கள். வயது நாற்பத்தைந்து இருக்கும். செட்டியாருக்கு ரங்கூனில் தொழில். இங்கே வீடு, வயல், வழக்கு, கல்யாணம் எல்லாம் ஆச்சிதான். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மகளைக் காரோடு அனுப்ப வேண்டுமாம். கூடவே ஒரு கணக்குப்பிள்ளை, வாயே திறக்காத மனிதர்.

ஆச்சி கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து இறங்கினார்கள். “பட்டுச் சேலையோட ஏறுனா இந்த ஓரத்துல மாட்டுமா தம்பி?” என்று கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் எந்தத் துரையும் கேட்காத கேள்வி. மாட்டாது என்று என் வேட்டி நுனியையே அந்த இடுக்கில் ஆட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் ரேடியேட்டர் மேல் இருந்த எழுத்தில் விரல் வைத்தார்கள்.

“இது என்ன?”

“பியூக். வண்டியோட பேரு ஆச்சி.”

“அப்படின்னா என்ன அர்த்தம்?”

“அர்த்தம்னு இல்லை. இதை முதல்ல செஞ்ச மனுஷரோட பேரு.”

“நல்லா இருக்காரா?”

எனக்கு விளங்கவில்லை. “யாரு ஆச்சி?”

“அந்தப் பேருக்காரருதான். பிள்ளைகுட்டியோட நல்லா இருக்காரா?” ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். “வெள்ளித் தட்டுல இருந்து இட்டிலிக் கொப்பரை வரைக்கும் பேரு வெட்டித்தான் மகளுக்குக் குடுக்கிறோம். யாரு பேரை வெட்டுவோம்? நல்லா வாழ்ந்தவுக பேரை. நொடிச்சுப் போனவுக பேரைக் கொண்டுபோயி எம் மக வாசல்ல நிறுத்த முடியுமா, சொல்லுங்க.”

“அவருக்கென்ன ஆச்சி, ஓகோன்னு இருக்கார்” என்றேன். வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

“கண்ணால பாத்த மாதிரில்ல சொல்றீக. நல்லா விசாரிச்சு வைங்க. ஐப்பசி கடைசியில புதன்கிழமை வாரேன். பதில் சரியா இருந்தா அன்னைக்கே வண்டியை எடுத்துக்கிறேன்.”

அவர்கள் போனதும் மாமனார் கவுண்டரிலிருந்து குரல் கொடுத்தார். “என்ன மாப்ளே, ஆச்சி என்ன கேட்டாவ?”

“பியூக் நல்லா இருக்காரான்னு கேட்டாங்க மாமா.”

சிரித்தார் சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். “நல்ல கேள்வி” என்று சொல்லிவிட்டு மறுபடி நட்டு போல்ட்டைப் பிரிக்கக் குனிந்துகொண்டார்.

நவம்பர் 6, திங்கள்

பசுமலையில் ஓர் அமெரிக்கப் பாதிரியார் இருக்கிறார். பியூக் தொழிற்சாலை இருக்கிற ஃப்ளின்ட் ஊர்க்காரர் என்று கேள்விப்பட்டு மழையோடு மழையாகப் போனேன். வேதாகமத் தமிழ் பேசுகிறார். காப்பி கொடுத்தார்.

டேவிட் பியூக் சின்ன வயதில் ஸ்காட்லாந்திலிருந்து போனவராம். இரும்புக் குளியல் தொட்டிக்கு வெள்ளைப் பூச்சு ஏற்றும் வித்தையைக் கண்டுபிடித்து நன்றாகச் சம்பாதித்தார். நிம்மதியாக அதிலேயே இருந்திருக்கலாம். எஞ்சின் ஆசை பிடித்துக்கொண்டது. அத்தனையையும் அதில் கொட்டினார். முதல் போட வந்தவர்கள் கைக்குக் கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அவர் வெளியே வந்தார். பேர் உள்ளேயே நின்றுவிட்டது.

“அதன் பிறகு?” என்றேன்.

“அதன் பிறகு அவர் கையிட்ட காரியம் ஒன்றும் வாய்க்கவில்லை. எண்ணெய்க் கிணறு தோண்டினார், நிலம் வாங்கினார், யாவும் நஷ்டமாயிற்று. முடிவிலே டெட்ராய்ட் பட்டணத்தில் ஒரு தொழிற்பள்ளியில் வேலைக்கு அமர்ந்தார். வருகிறவர்களுக்கு வழி சொல்லும் மேஜை அவருடையது. தமது வீட்டில் டெலிபோன் வைத்துக்கொள்ளவும் அவருக்குத் திராணியில்லை. நாலு வருஷத்துக்கு முன்னே மிகுந்த எளிமையில் நித்திரையடைந்தார்.”

“அவர் பேர் போட்ட வண்டி தெருவில் போகும்போது பார்த்துக்கொண்டே இருந்திருப்பாரே” என்றேன்.

“ஆம். அந்தப் பட்டணத்தில் அவை திரளாய் ஓடும்” என்றார் பாதிரியார்.

மனிதர் செத்தே போய்விட்டார், அதுவும் ஏழையாக. இதை எப்படி ஆச்சியிடம் சொல்வது?

நவம்பர் 7, செவ்வாய்

சாப்பிடும்போது பிரமுவுக்கு பியூக் கதையைச் சொன்னேன். கேட்டால் அவளுக்குப் பொழுது போகும் என்றுதான் சொன்னேன். வழி சொல்லும் மேஜை வரை வந்ததும் எழுந்து போய்விட்டாள். இலையில் ரசம் சாதம் அப்படியே கிடந்தது. ஏழாம் மாதத்தில் சிலருக்கு மசக்கை திரும்புமாம். பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார்கள்.

படுக்குமுன் வழக்கம்போல, “அப்பா எப்படி இருக்காவ?” என்று கேட்டாள். நல்லா இருக்கிறாராம் என்றேன். தினமும் அவர் சொல்லி அனுப்புவது அதுதான்.

நவம்பர் 9, வியாழன்

பியூக் சரிப்படாவிட்டால் வேறு வண்டியை ஆச்சி தலையில் கட்டலாம் என்று பார்த்தேன். பாதிரியார் வாரப் பத்திரிகைக் கட்டு ஒன்று கொடுத்திருந்தார். இரண்டு நாளாக அதோடு மல்லுக்கட்டுகிறேன்.

செவ்ரோலே: ஸ்விட்சர்லாந்துக்காரர், பந்தயத்தில் ஓட்டிய சூரர். கூட்டாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். இன்னும் உயிரோடு இருக்கிறார். ஆனால் அவர் பேரில் அவரே கார் செய்ய முடியாது! ஓல்ட்ஸ்மொபீல்: ஓல்ட்ஸ் என்பவர் ஆரம்பித்தது. அவரும் வெளியே வந்து வேறு கம்பெனி வைத்தார். பேரைத்தான் முதல் கம்பெனியில் விட்டாயிற்றே, அதனால் இன்ஷியல்களைக் கோத்து ‘ரியோ’ என்று வைத்துக்கொண்டார். பாண்டியாக்: வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்ட அந்த நாட்டுப் பூர்வகுடித் தலைவன். அவனைப் பின்னாலிருந்து அடித்துக் கொன்றார்கள். டாட்ஜ்: அண்ணன் தம்பி இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் செத்தார்கள். அந்த ஏஜென்சியும் எங்களிடம் இல்லை, தப்பித்தோம்.

ஃபோர்டு மட்டும் குத்துக்கல் மாதிரி நன்றாக இருக்கிறார். அந்த வண்டியை எதிர்த்தெரு கடைக்காரன் அல்லவா விற்கிறான்!

சே, ஒரு நாட்டில் இத்தனை பேர் கார் செய்தார்களே, ஒருத்தராவது தன் பேரோடு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கக் கூடாதா?

நவம்பர் 11, சனி

முதலாளியிடம் பியூக் விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

“செத்தவன் டெட்ராய்ட்லேர்ந்து எழுந்து வந்து சாட்சி சொல்லப் போறானா ஓய்? மகராசனா இருக்கான், எட்டுப் பேரப்பிள்ளைன்னு அடிச்சு விடும். புதன்கிழமை சாவி ஆச்சி கைக்குப் போகணும். இல்லைன்னா வியாழக்கிழமை நீர் இந்தப் படி ஏறவேண்டாம்.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யாரோ முன்பின் தெரியாத ஒரு துரை. அவரைப் பற்றி ஒரு பொய் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

மருத்துவச்சி வந்து பிரமுவைப் பார்த்துவிட்டுப் போனாள். கால் வீக்கம் கொஞ்சம் கூடுதலாம். நல்ல சாப்பாடு வேண்டுமாம், கவலையே கூடாதாம்.

நவம்பர் 13, திங்கள்

“பியூக் துரைக்கு எட்டுப் பேரப்பிள்ளைகள் ஆச்சி.” முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துப் பத்துத் தடவை சொன்னேன். நன்றாகவே வருகிறது.

நவம்பர் 15, புதன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

ஆச்சி பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். இந்தத் தடவை மகளும் கூட வந்திருந்தாள். முதலாளி சரிகை அங்கவஸ்திரம், ஜவ்வாது வாசனை, கையில் மாலை என்று மாப்பிள்ளை மாதிரி நின்றார். டயருக்கு எலுமிச்சம்பழம் தயார்.

“விசாரிச்சீகளா தம்பி?”

“விசாரிச்சேன் ஆச்சி. மகராசனா இருக்கார். எட்டுப் பேரப்பிள்ளைகள்.” நாக்கு கொஞ்சம்கூடப் புரளவில்லை. எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியம்.

ஆச்சி முகம் மலர்ந்தது. மகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து அழகு பார்த்தார்கள். கணக்குப்பிள்ளை பையை அவிழ்த்தார். முதலாளி சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார்.

“இருங்க” என்றார்கள் ஆச்சி. “ஆவுடையப்பனைக் கூப்பிடுங்க. எங்க செட்டியாரு கப்பல் ஏறும்போது சொல்லிட்டுத்தான் போனாக. காரு வாங்குறதுன்னா மதுரையில ஆவுடையப்பன்கிட்ட வாங்கு, நாணயமான மனுசன்னு. அவரு கையால சாவியை வாங்கணும்.”

“அது நான்தான் ஆச்சி” என்றார் முதலாளி. கண்ணைக்கூட இமைக்கவில்லை.

கவுண்டர் பக்கம் வாஷர் எண்ணும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது.

ஆச்சி அவருடைய கையைப் பார்த்தார்கள். “சைக்கிள் சரிபண்ணி முன்னுக்கு வந்தவருன்னு செட்டியாரு சொன்னாக. இது பவுடர் போட்ட கையால்ல இருக்கு” என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்கள். “தம்பி, நீங்க சொல்லுங்க. இவருதானா?”

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. வேலை, வீட்டு வாடகை, பிரமுவின் வீங்கிய கால். ‘ஆமாம்’ என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி இருந்த ஒருவரைப் பற்றி எத்தனை சுலபமாகப் பொய் சொன்னேன்! இவர் கூப்பிடு தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, எனக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார்.

“இல்லை ஆச்சி” என்றேன். “ஆவுடையப்பன் அதோ இருக்கார். எங்க மாமா.”

முதலாளி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஆச்சி காதில் வாங்கவில்லை. நேராகக் கவுண்டருக்கு நடந்தார்கள். மாமனார் ஸ்டூலை விட்டு எழுந்து, பஞ்சுக் கழிவில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்கதான் ஆவுடையப்பனா?”

“ஆமா ஆச்சி.”

“நல்லா இருக்கீகளா?”

‘நல்லா இருக்கேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி போய்விடும், ஏஜென்சி நிற்கும், எங்கள் வேலை நிற்கும். கடைக்கு வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும் அவர் சொல்கிற வார்த்தைதானே! சொல்லுங்கள் மாமா, சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கும்பிட்டேன். ஆமாம், கும்பிட்டேன். பொய்யெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது. முதலாளியும் ஆச்சிக்குப் பின்னால் நின்று, தலையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினார்.

மாமனார் என்னைப் பார்த்தார். அப்புறம் ஆச்சியைப் பார்த்தார்.

“இல்லை ஆச்சி. நல்லா இல்லை” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கணக்குப்பிள்ளை பையை மறுபடி கட்டினார். அந்தப் பெண் தானாகவே காரிலிருந்து இறங்கி வந்து அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஆச்சி மாமனாருக்குக் கைகூப்பினார்கள். முதலாளியிடம், “எம் மக விசயம். கோவிச்சுக்கிறாதீக. வண்டி வேணாம்” என்றார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, “அந்த எட்டுப் பேரப்பிள்ளையும் பொய்தானே?” என்று மெதுவாகக் கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். படியிறங்கிப் போனார்கள்.

முதலாளி சத்தம் போடவில்லை. மாலையை மேஜைமேல் போட்டார். “ரெண்டு பேரும் வெளியே போங்க” என்றார்.

மழை விட்டிருந்தது. தெருவில் கொஞ்ச தூரம் நடந்தோம். மாமனார்தான் முதலில் பேசினார். “உங்க பொழப்பைக் கெடுத்துட்டேன் மாப்ளே. நல்லா இருக்கேன்னுதான் வாயைத் திறந்தேன். வரலை. எத்தனை நாளாச்சு, அந்தக் கடைக்குள்ள ஒருத்தர் எம் பேரைச் சொல்லி இவருதான்னு கையைக் காட்டி! அதுக்குப் பெறவு பொய் சொல்ல மனசு வரலை, பாத்துக்கிடுங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. டவுன்ஹால் ரோட்டில் நட்டநடுவில் நின்று, கர்ச்சீப் இல்லாமல் வேட்டி முனையால் துடைத்துக்கொண்டேன். ஜட்கா வண்டிக்காரன் ஒருவன் ‘ஓரமா நின்னு அழுங்க சாமி’ என்று சொல்லிவிட்டுப் போனான். மாமனாரை அவர் அறைக்குப் போகவிடவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

நவம்பர் 16, வியாழன். கார்த்திகை முதல் தேதி

வேலை இல்லாத முதல் நாள். காலையில் பழக்கத்தில் கோட்டை எடுத்து மாட்டிவிட்டேன். அப்புறம் கழற்றினேன்.

நேற்று சாயந்திரம் நடந்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். பிரமுவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போனதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாமனார் ஆச்சிக்குச் சொன்ன பதிலைச் சொன்னபோதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா வாயாலயா சொன்னாவ?”

“ஆமாம்.”

“எப்படிச் சொன்னாவ? திரும்பச் சொல்லுங்க.”

திரும்பச் சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னாள். “நானும் நாள் தவறாம கேக்கேன். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு அதையே சொல்லி அனுப்புவாவ. நானும் நல்லா இருக்கேன்னு சொல்லி அனுப்புவேன். வேற என்னத்தச் சொல்லுதது?” என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

முன்னறையில் அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். இவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்லப் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

“எப்படி இருக்கீய அப்பா?”

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “கால் வலிக்கி. பசிக்கி. இனிமே என்ன செய்யப் போறோம்னு பயமாவும் இருக்கு, ஏட்டி.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றாள் பிரமு.

எனக்கும்தான் என்று நான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து எழுந்து, மூன்று பேருக்கும் சேர்த்து உலை வைத்தாள்.